டேட்டா லாகர் மென்பொருளில் அலாரம் வகைகளை அமைப்பது: தேயிலை ஃபேக்டரிக்கான முழு வழிகாட்டி

குன்னூர், கோத்தகிரி பக்கம் பல தேயிலை ஃபேக்டரிகளில் இப்போது டிரையரிலும் (தேயிலையைச் சுடுகாற்றில் உலர்த்தும் இயந்திரம்) வாடல் டிரஃப்பிலும் (கொழுந்தைப் பரப்பிக் காற்று செலுத்தி வாட்டும் தொட்டி) சென்சார் மாட்டி, டேட்டா லாகர் என்ற பதிவுக் கருவி வழியாக அளவுகளைக் கணினியில் பதிவு செய்கிறார்கள். சென்சார் மாட்டுவது வரை வேலை நன்றாகவே போகும். அலாரம் பக்கத்தைத் திறந்ததும்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். கண்ணில் முதலில் படும் கட்டத்தில் ஓர் எண்ணைப் போட்டு, மேல் எல்லை, கீழ் எல்லை என்று இருபது சேனலுக்கும் (ஒரு சென்சாரின் அளவு வரும் வழி ஒரு சேனல்) நிரப்பிவிடுவார்கள். சில நாளில் ஹூட்டர் ஓயாமல் அலறும். அப்புறம் யாரோ அதன் ஒயரைப் பிடுங்கி வைப்பார்கள்.

எண் தவறாக இருப்பதால் இப்படி ஆவது குறைவு. வரிசை தவறுவதால் ஆவதுதான் அதிகம். அலாரம் கேட்டதும் ஆள் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஏற்ற வகையை அடுத்து. எண் எல்லாவற்றுக்கும் பிறகு. மென்பொருளுக்கு மென்பொருள் மெனு மாறும், இந்த வரிசை மாறாது. கீழே வரும் வெப்ப எண்கள் எல்லாம் உதாரணத்துக்காக. உங்கள் டிரையருக்கான எண்ணை உங்கள் டீ மேக்கர்தான் (தயாரிப்பைக் கவனிக்கும் பொறுப்பாளர்) சொல்ல வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் வேண்டியவை

முதலாவது, சேனல் பட்டியல். ஒவ்வொரு சேனலுக்கும் சென்சார் வகை, அளவெல்லை, எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது என்று எழுதிய தாள். கணினியில் இருக்கும் பெயரும் டிரஃப்பின் மேல் பெயின்ட்டில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று நடந்து போய்ப் பாருங்கள். ராத்திரி ஷிஃப்ட்டில் 'டிரஃப் 4' என்று அலாரம் வந்து, ஆள் வேறு டிரஃப்பைப் போய்த் திறந்தால் அந்த அலாரம் இருந்தும் பயன் இல்லை.

இரண்டாவது, அலாரம் எதுவும் இல்லாமல் ஓடிய பதிவு, குறைந்தது ஒரு வாரத்துக்கு. அதில் ஒரு மழை நாளும், ஒரு வெயில் நாளும், ஃபேக்டரி நின்ற ஒரு நாளும், முடிந்தால் ஒரு மின்தடையும் இருக்க வேண்டும். சாதாரண ஓட்டம் எப்படி ஏறி இறங்குகிறது என்று தெரியாமல் எது அசாதாரணம் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, யுபிஎஸ். கணினி, லாகர், ஹூட்டர் மூன்றும் அதில் இருக்க வேண்டும். கணினியை மட்டும் யுபிஎஸ்ஸில் விட்டு ஹூட்டரை நேர் லைனில் கொடுத்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகும்போது, போனது என்று சொல்ல வேண்டிய ஹூட்டரே ஊமையாகிவிடும்.

இப்போதுள்ள அமைப்பை ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

2. சேனல் சொல்வது உண்மையா என்று பாருங்கள்

தவறான அளவின் மேல் அலாரம் போட்டால் அதுவும் தவறாகவே அடிக்கும். 4-20 மில்லியாம்பியர் டிரான்ஸ்மிட்டராக (சென்சார் அளவை 4 முதல் 20 மில்லியாம்பியர் வரையான கரண்டாக மாற்றி அனுப்பும் கருவி) இருந்தால் இரு முனையிலும் ஸ்கேலிங்கை, அதாவது எந்தக் கரண்டுக்கு எந்த டிகிரி என்ற கணக்கை, சரிபாருங்கள். அளவெல்லை 0-150 டிகிரி என்றால் 4 மில்லியாம்பியரில் 0, 12-இல் 75, 20-இல் 150 காட்ட வேண்டும். டிரான்ஸ்மிட்டரில் 0-200 என்றும் மென்பொருளில் 0-150 என்றும் இருந்தால் குளிர்ந்த நிலையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. டிரையர் சூடான பிறகுதான் தெரியும்.

மலையில் மட்டும் வரும் ஒரு தவறு உண்டு. சென்சாரைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறார்கள், 94 காட்டுகிறது. உடனே 6 டிகிரி கூட்டித் திருத்தம் போடுகிறார்கள். சென்சார் சரியாகத்தான் சொல்கிறது. குன்னூர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதிக்கும், ஊட்டியில் இன்னும் ஒரு டிகிரிக்கு மேல் குறையும். அந்த 6 டிகிரித் திருத்தம் அதன் பிறகு எல்லா அலாரத்தையும் நகர்த்திவிடும். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் பாருங்கள். அங்கே 0 டிகிரி எந்த உயரத்திலும் 0 டிகிரிதான்.

3. ஒவ்வொரு அலாரத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்

கணினியைத் தொடாமல் நோட்டில் எழுதுங்கள்: யாருக்கு, என்ன செய்ய, எவ்வளவு நேரத்துக்குள். உதாரணமாக, 'டிரையர் உள்காற்று வெப்பம் கூடுகிறது, ஃபயர்மேன், விறகு போடுவதை நிறுத்தி, குளிர்காற்று டேம்பரைத் திறக்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்குள்.' ஃபயர்மேன் என்பவர் டிரையர் அடுப்பின் தீயைப் பார்த்துக்கொள்பவர்; டேம்பர் என்பது காற்று வழியைத் திறந்து மூடும் தகடு.

'என்ன செய்ய' என்ற இடத்தில் எழுத எதுவும் இல்லை என்றால் அது அலாரம் அல்ல. அதை வெறும் நிகழ்வுப் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள். அலாரம் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஏ 18.2 தரநிலையும் இதைத்தான் சொல்கிறது: ஆள் உரிய நேரத்தில் செயல்பட வேண்டிய நிலைமைக்குத்தான் அலாரம்.

இந்த வரியை டீ மேக்கரோடும் ஃபயர்மேனோடும் உட்கார்ந்து எழுதுங்கள். அலுவலக அறையில் தனியாக எழுதினால் 'கவனிக்கவும்' என்ற வார்த்தைதான் எல்லா வரியிலும் வரும். வேலை செய்கிறவரைக் கேட்டால் எந்த டேம்பர், எவ்வளவு திருப்ப வேண்டும் என்றுகூடச் சொல்வார். அந்த வார்த்தைகளையே பிறகு அலாரம் செய்தியாகப் போடலாம்.

4. முதலில் பழுது அலாரம்

எல்லை அலாரத்துக்கு முன்னால் இதைப் போட வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சென்சார் செத்துப்போனால் மற்ற எல்லா அலாரமும் அதோடு சேர்ந்து செத்துவிடும், திரை மட்டும் அமைதியாக இருக்கும்.

4-20 மில்லியாம்பியர் லூப்பில் பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்கள் தங்கள் பழுதை 3.6-க்குக் கீழே இறங்கியோ 21-க்கு மேலே ஏறியோ தெரிவிக்கும். ஒயர் அறுந்தால் 0. இந்த அலாரத்தை டிகிரியாக மாற்றிய மதிப்பில் போடாதீர்கள், மாற்றுவதற்கு முன் உள்ள மில்லியாம்பியர் மதிப்பில் போடுங்கள். சில மென்பொருள்கள் அளவெல்லைக்கு வெளியே போவதை வெட்டிவிடும். 4-க்குக் கீழே எது வந்தாலும் 0 டிகிரி என்றே காட்டும். டிரையர் ஓடாத நேரத்தில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

தெர்மோகப்பிளை (இரண்டு வேறு உலோகக் கம்பிகள் சேர்ந்த வெப்ப சென்சார்) நேரடியாக இணைத்திருந்தால், அறுந்தால் மேலே போக வேண்டுமா கீழே போக வேண்டுமா என்று கேட்கும் ஓர் அமைப்பு இருக்கும். எந்தப் பக்கம் ஆபத்தோ அந்தப் பக்கம் போக விடுங்கள். டிரையருக்கு மேலே. அப்போது அறுந்த சென்சாரும் தீயைக் குறைக்கத்தான் சொல்லும்.

அடுத்தது தொடர்பு அறுதல். லாகரிலிருந்து கணினிக்கு வரும் ஆர்.எஸ்-485 கேபிளில் கோளாறு வந்தால், பல திரைகளில் கடைசியாக வந்த மதிப்பு அப்படியே நின்றுவிடும். 98.4 என்று நிற்கும். பார்ப்பவருக்கு நிம்மதியாக இருக்கும். அந்த நேரம் டிரையருக்குள் என்ன நடந்தாலும் தெரியாது. தொடர்பு அறுந்தால் அடிக்கும் அலாரம் மென்பொருளில் இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் லாகரில் விநாடிக்கு விநாடி மாறும் ஓர் எண்ணைப் படித்து, அது ஒரு நிமிடம் மாறாமல் நின்றால் அலாரம் என்று அமையுங்கள். அக்டோபர், நவம்பரில் இடி மின்னல் மாலைகளில் முதலில் அடி வாங்குவது கட்டடத்துக்குக் கட்டடம் ஓடும் இந்தக் கேபிள்தான்.

5. வகையைத் தேர்ந்தெடுங்கள்

எல்லை அலாரம். மேல், மிக மேல், கீழ், மிகக் கீழ் என்று நான்கு படி. நான்கையும் நிரப்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒவ்வொரு படிக்கும் வேறு செயல் இருந்தால் மட்டும் நிரப்புங்கள். டிரையர் உள்காற்று சாதாரணமாக 95-100 என்றால் 105-இல் 'விறகைக் குறை', 115-இல் 'இலையை நிறுத்து, டிரையரைத் திறந்து பார்'. இரண்டு வேறு செயல்கள் என்பதால் இரண்டு படி. டிரையரிலிருந்து வெளியேறும் காற்றுக்கு இரண்டு பக்கமும் தேவை: வெப்பம் குறைந்தால் தூள் உள்ளே புழுங்கிவிடும், கூடினால் மேல்பகுதி காய்ந்து இறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கணினியில் வரும் அலாரம் பாதுகாப்புச் சாதனம் அல்ல. கணினி உறையும், விண்டோஸ் அப்டேட் ஓடும். தீ ஆபத்தைத் தடுக்க டிரையரில் தனித் தெர்மோஸ்டாட், தனி ஒயரில், கணினியை நம்பாமல் இருக்க வேண்டும்.

விலகல் அலாரம். செட் பாயின்ட்டிலிருந்து (இருக்க வேண்டும் என்று நாம் வைக்கும் மதிப்பு) எவ்வளவு தள்ளிப் போகிறது என்று பார்ப்பது இது. வாடலைப் பொறுத்து டிரையர் செட் பாயின்ட்டை மாற்றுகிற ஃபேக்டரிக்கு மிகப் பொருத்தம். 95-க்கு மாற்றினாலும் 100-க்கு மாற்றினாலும் பிளஸ் மைனஸ் 5 கூடவே நகரும். ஆனால் செட் பாயின்ட்டையே யாராவது 120 என்று தட்டிவிட்டால், 120-இல் இந்த அலாரம் திருப்தியாகத் தூங்கும். அதனால் இதை மட்டும் நம்பி மிக மேல் எல்லையை நீக்கிவிடாதீர்கள்.

வேக அலாரம். எல்லை அலாரம் போய்ச் சேர்ந்த பிறகு சொல்லும். இது போகும் வழியிலேயே சொல்லும். ஆடி மழையில் விறகு நனைந்து தீ படுத்துக்கொண்டே போகும்போது, நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் ஐந்து நிமிடம் தொடர்ந்து இறங்கினால் அலாரம் என்று வைத்தால், கீழ் எல்லையைத் தொடும் முன்பே ஃபயர்மேனுக்குத் தெரிந்துவிடும்.

இங்கே எல்லோரும் விழும் குழி, கணக்கிடும் கால அளவு. விநாடிக்கு ஒரு மதிப்பு எடுத்து, அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளை ஒப்பிட்டால், 0.2 டிகிரி நடுக்கம்கூட நிமிடத்துக்கு 12 டிகிரி என்று கணக்காகும். அலாரம் நிற்கவே நிற்காது. ஒரு நிமிடச் சராசரியை எடுத்து, ஐந்து நிமிட இடைவெளியில் ஒப்பிடுங்கள். உறைபனிக்காக மார்கழி, தை மாதங்களில் தோட்டத்தில் சென்சார் வைப்பவர்களுக்கும் இந்த வகை உதவும். வானம் தெளிந்து காற்று நின்ற இரவில் தரையோரம் வெப்பம் ஆள் உயரத்தைவிடக் கீழே போயிருக்கும். கம்பத்தில் உயரமாக மாட்டிய சென்சார் 0 காட்டும் வரை காத்திருந்தால் செடி ஏற்கெனவே கருகியிருக்கும்.

கணக்கிட்ட மதிப்பின் மேல் அலாரம். வாடல் டிரஃப்பில் தனி வெப்பத்தைவிட டிரை பல்புக்கும் (சாதாரண வெப்பமானி) வெட் பல்புக்கும் (ஈரத் திரி சுற்றிய வெப்பமானி) உள்ள வித்தியாசம்தான் முக்கியம். காற்றில் ஈரம் கூடினால் இந்த வித்தியாசம் குறையும். அதனால் அந்த வித்தியாசத்தை ஒரு கணக்கீட்டுச் சேனலாக உருவாக்கி, அதற்கு ஒரு கீழ் எல்லை வையுங்கள். மூடுபனி இறங்கி வித்தியாசம் 2 டிகிரிக்குக் கீழே போனால் 'சுடுகாற்று கலக்கவும்'. டிரை பல்பின் மேல் தனியாக ஒரு மேல் எல்லையும் வேண்டும். வாடலுக்குப் போகும் காற்று 35 டிகிரியைத் தாண்ட விடக்கூடாது.

இதில் ஒரு நுணுக்கம். வெட் பல்பின் திரி காய்ந்துபோனாலும் வித்தியாசம் பூஜ்யத்தை நெருங்கும். திரையில் பார்த்தால் மூடுபனி மாதிரியே இருக்கும், ஆனால் செய்ய வேண்டியது வேறு. சுடுகாற்றைத் திறந்து அரை மணி நேரம் ஆகியும் வித்தியாசம் 1 டிகிரிக்குக் கீழேயே நின்றால் 'திரியையும் தண்ணீரையும் பார்க்கவும்' என்று இரண்டாவது அலாரம் வையுங்கள். இது இல்லாத ஃபேக்டரியில், காய்ந்த திரியை நம்பிச் சுடுகாற்றை மேலும் மேலும் கொடுத்து நல்ல கொழுந்தைக் கருக்கிவிடுகிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு அதைப் பார்க்கும்போது மனசு வலிக்கும்.

ஆன்/ஆஃப் அலாரம். மின்விசிறி நின்றது, கதவு திறந்தது போன்றவை. ஒயரிங்கை எப்போதும், நல்ல நிலையில் தொடர்பு மூடியிருக்கும்படி செய்யுங்கள். அப்போது ஒயர் அறுந்தாலும் அலாரம் வரும். காண்டாக்டரின் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் ஸ்விட்ச்) துணைத் தொடர்பை மட்டும் நம்ப வேண்டாம். லைன் ரிப்பேருக்குப் பிறகு ஃபேஸ் மாறி வந்தால் காண்டாக்டர் ஒட்டியிருக்கும், மோட்டார் கரண்டும் எடுக்கும், விசிறி மட்டும் தலைகீழாகச் சுற்றும். டிரஃப்பில் ஒரு காற்றழுத்த ஸ்விட்ச் வைத்து அதையே அலாரத்துக்கு எடுங்கள்.

6. எண், டெட்பேண்ட், டிலே

இப்போதுதான் எண். ஒரு வாரப் பதிவை விரித்துவைத்து, சாதாரண நாளில் அளவு எதுவரை போய் வருகிறது என்று பாருங்கள். கெடுதல் எங்கே தொடங்குகிறது என்று டீ மேக்கரிடம் கேளுங்கள். எல்லை இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். கெடுதலிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதை, ஆள் வந்து சரிசெய்ய ஆகும் நேரம் தீர்மானிக்கும். நிமிடத்துக்கு 2 டிகிரி ஏறும் டிரையரில் ஃபயர்மேனுக்கு ஐந்து நிமிடம் வேண்டுமென்றால், 10 டிகிரி இடைவெளி விட வேண்டும்.

விறகு போடும் டிரையரில் ஒவ்வொரு கட்டை விழும்போதும் வெப்பம் இரண்டு டிகிரி அலையும். 105-ஐ ஒட்டி அலைந்தால் அலாரம் விட்டு விட்டு அடிக்கும். டெட்பேண்ட் 3 என்று வைத்தால் 105-இல் வந்த அலாரம் 102-க்குக் கீழே போனால்தான் விலகும். அலைவைவிடச் சற்றே அதிகம், இதுதான் அளவு. ரொம்பப் பெரிதாக வைத்து, விலகும் புள்ளி சாதாரண ஓட்டத்துக்கும் கீழே போய்விட்டால் அலாரம் விலகவே விலகாது.

அலகைக் கவனியுங்கள். சில மென்பொருளில் டெட்பேண்ட் டிகிரியில், சிலவற்றில் அளவெல்லையின் சதவீதத்தில். 0-150 சேனலில் 2 சதவீதம் 3 டிகிரி, சரி. 0-1200 தெர்மோகப்பிள் சேனலில் அதே 2 சதவீதம் 24 டிகிரி.

டிலே, அதாவது அலாரத்தைச் சற்றுத் தாமதித்து அடிக்க வைப்பது, வேறு வேலைக்கு. அளவு உண்மையாகவே எல்லையைத் தாண்டுகிறது, ஆனால் தானாகவே திரும்பிவிடும் என்றால் டிலே. கதவைத் திறந்து இலை கொட்டும்போது நொதிக்கும் அறை வெப்பம் மாறுவது அப்படிப்பட்டது. இரண்டு நிமிட டிலே போதும். அலைவை அடக்க டிலேயும், கதவுக்கு டெட்பேண்டும் போட்டால் இரண்டும் வேலை செய்யாது. மிக மேல் அலாரத்துக்கு டிலே சில விநாடிக்கு மேல் வேண்டாம். எல்லையைத் தாண்டிய நெருப்பைக் காக்க வைக்க முடியாது.

7. பிடித்துவைப்பதும் அக்னாலெட்ஜும்

அளவு சாதாரணத்துக்குத் திரும்பினாலும் ஆள் வந்து அக்னாலெட்ஜ் (பார்த்துவிட்டேன் என்று பட்டனை அழுத்துவது) செய்யும் வரை அலாரம் மறையாமல் இருப்பது ஒரு வகை. தானாகவே மறைவது இன்னொரு வகை. ராத்திரி இரண்டு மணிக்கு மூன்று நிமிடம் மட்டும் வந்துபோன மிக மேல் அலாரம் காலையில் டீ மேக்கருக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பிடித்துவைக்கும் வகை. மேல், கீழ் எல்லைகளுக்குத் தானாக மறையும் வகை போதும்.

அக்னாலெட்ஜ் ஹூட்டரை நிறுத்தும், அலாரத்தை நிறுத்தாது என்பதை ஷிஃப்ட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லிக் காட்டுங்கள். பலர் சத்தம் நின்றால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

8. முன்னுரிமை

மூன்று போதும். உடனே ஓட வேண்டியது, இந்தச் சுற்றில் பார்க்க வேண்டியது, ஷிஃப்ட் முடிவதற்குள் பார்க்க வேண்டியது. முதல் வகைக்கு மட்டும் ஹூட்டர். எல்லாவற்றுக்கும் முதல் முன்னுரிமை கொடுத்தால் எதற்கும் கொடுக்காதது மாதிரிதான். கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது கூடுதல் வசதி மட்டும். பள்ளத்தில் இருக்கும் ஃபேக்டரிகளில் சிக்னல் இருக்கும் நேரமும் உண்டு, இல்லாத நேரமும் உண்டு.

9. அடிக்கக்கூடாத நேரம்

டிரையர் நின்றிருக்கும்போது வெப்பம் குறைவு என்று அலாரம் வருவது வீண். கீழ் எல்லை அலாரங்களை 'டிரையர் விசிறி ஓடுகிறது, ஓடத் தொடங்கி இருபது நிமிடம் ஆகிவிட்டது' என்ற நிபந்தனையோடு இணையுங்கள். கரண்ட் போய்த் திரும்பும்போது ஒரே நேரத்தில் முப்பது அலாரம் கொட்டுவதையும் இதே நிபந்தனை தடுக்கும். பத்து நிமிடத்தில் பத்துக்கு மேல் வந்தால் ஒருவரால் பார்த்துச் செயல்பட முடியாது.

பழுது அலாரத்தையும் மிக மேல் அலாரத்தையும் எந்த நிபந்தனையிலும் கட்டாதீர்கள். நின்ற டிரையரிலும் உள்ளே மிச்சமிருக்கும் தூள் புகையலாம்.

10. சோதனை

'திரையில் எல்லையை 20 என்று மாற்றிப் பார்த்தேன், அடித்தது' என்பது பாதிச் சோதனை. சென்சார் முனையிலிருந்து தொடங்குங்கள். லூப் கேலிப்ரேட்டரை (வேண்டிய மில்லியாம்பியரைக் கொடுக்கும் சோதனைக் கருவி) இணைத்து, 0-150 சேனலில் 15.2 மில்லியாம்பியர் கொடுத்தால் 105. அலாரம் வர வேண்டும். 15.0-க்கு இறக்குங்கள், இன்னும் இருக்க வேண்டும். 14.88-க்குக் கீழே போனதும் விலக வேண்டும். 16.3-இல் மிக மேல் வர வேண்டும். பி.டி-100 (வெப்பத்துக்கு ஏற்ப ரெசிஸ்டன்ஸ் மாறும் சென்சார்) நேரடியாக இணைந்திருந்தால் ரெசிஸ்டன்ஸ் பெட்டியில் 105 டிகிரிக்கு 140.4 ஓம், 115-க்கு 144.2 ஓம்.

அப்புறம் ஒயரைக் கழற்றுங்கள். கேபிளைப் பிடுங்குங்கள். மெயினை அணையுங்கள். மூன்றிலும் சரியான செய்தி, சரியான பெயரோடு வந்து, ஹூட்டர் ரோலர் சத்தத்துக்கு நடுவே கேட்கிறதா என்று ரோலர் அருகே நின்று கேளுங்கள். அமைதியான அறையில் கேட்ட ஹூட்டர் அங்கே கேட்காமல் போகலாம்.

11. முதல் மாதம்

வாரம் ஒருமுறை அலாரம் பதிவை எடுத்து, அதிகம் அடித்த ஐந்தை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஃபயர்மேனிடமும் சூப்பர்வைசரிடமும் ஒரே கேள்வி: இது வந்தபோது என்ன செய்தீர்கள்? 'ஒன்றும் செய்யவில்லை' என்றால் வகை தவறு. 3-ஆம் படிக்குத் திரும்புங்கள். 'செய்தேன், ஆனால் தாமதம்' என்றால் எண் தவறு, அல்லது அங்கே வேக அலாரம் வேண்டும்.

மாற்றும் ஒவ்வொரு எண்ணுக்கும் தேதி, பழைய மதிப்பு, புதிய மதிப்பு, காரணம், மாற்றியவர் என்று கணினி பக்கத்திலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். கடவுச்சொல் டீ மேக்கரிடமும் உங்களிடமும் மட்டும் இருக்கட்டும். மாற்றிய அன்றே அமைப்பின் புதிய பிரதியை எடுத்து, கணினிக்கு வெளியே ஒரு பென்டிரைவில் தேதியோடு வைத்துவிடுங்கள்.